கணக்கில் வராத முதலடி

சூட்டுக்கோலின் நுனி பசையில் பட்டதும் ஒரு புகை எழும். ஈயம் உருகுவதற்கு ஒரு கணம் முன்னால் வருகிற புகை. அந்தப் பசையில் ஏதோ மரத்துப் பிசின் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மரம் கடைக்குள் எரிந்து அணைவதுபோல் இருக்கும். போன வாரம் யாரோ பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைக்கக் குனிந்தேன். புகை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். கோல் கையில் சூடாக இருக்க, நான் மலைமேல் குண்டூர் நாட்டில் ஒரு களத்துமேட்டில், ஊரே முதுகைக் காட்டி நிற்க, நானும் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுடையது மைக்செட் கடை. அத்தா வைத்தது. காதுகுத்து, கல்யாணம், கந்தூரி, கட்சிக்கூட்டம், எதுவானாலும் அடிவாரத்தில் எங்கள் குழாய்தான் கத்தும். மலைமேல் திருவிழா என்றாலும் நாங்கள்தான். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, மடியில் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு போவேன். மலையில் எனக்குப் பெயர் மைக்செட்டு பாய். ஓய்ந்த நேரத்தில் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எதையாவது எழுதிவைப்பேன். வரி வரியாக உடைக்க வராது, ஓடுகிற ஓட்டத்தில்தான் வரும். அதைப் படிக்கிற ஒரே ஆள் என் சிநேகிதன்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் அப்பாவுக்கு அடிவாரத்தில் குச்சிக்கிழங்குக் காடு. அவன் படித்தான், சென்னைக்குப் போனான், கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தான். நான் இங்கேயே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. லீவில் வந்தால் நேராகக் கடைக்குத்தான் வருவான், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் பிடிப்பான்.

புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி, ஒன்றும் நிற்காமல் போன சமயம். அவன் ஒரு நாள் வந்து, "மாப்ளே, கல்மரம் பாத்திருக்கியா?" என்றான்.

பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து கிழக்கே மூன்று நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால், பருத்திக்காடுகளுக்கு நடுவே ஓர் ஓடை. அதில் ஒரு மரம் படுத்திருக்கிறது. அங்கே கடல் இருந்த காலத்தில் விழுந்து, சேற்றில் புதைந்து, இலை போய், பட்டை போய், மிச்சமிருந்த மரமும் இழை இழையாகக் கல்லுக்கு இடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. தொட்டால் குளிரும். தட்டினால் பாத்திரம் மாதிரி ஒலிக்கும். மனிதன் என்று ஒருவன் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நின்ற மரம்.

"சென்னைல ஒரு கலைக்குழு. அந்த மரத்துக்கு விழா எடுக்கறாங்க. டான்ஸும் கம்ப்யூட்டரும் சேத்து. கம்ப்யூட்டர் நானு. மைக்செட்டு நீ. சரியா?"

"மரத்துக்கு விழாவா?"

"ஏன், மனுசனுக்கு எடுத்தே சலிச்சுப்போச்சுல்ல."

அன்று டீ ஆறிப்போகப் பேசினோம். ஆடுகிறவர் காலை ஊன்றினால் அந்தக் கல்லில் ஓர் இலை முளைக்க வேண்டும் என்றேன். நிஜ இலை இல்லை, வெளிச்ச இலை. அவன், "மாப்ளே, உனக்குக் கவித முத்திப்போச்சு. ஆனா இது முடியும்" என்றான். வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடுமே, அதற்குள் ஒரு பித்தளைத் தட்டு இருக்கும், பத்துப் பைசா அகலத்துக்கு. அது சத்தத்தைத் தருவது மட்டுமல்ல, தன்மேல் விழுகிற அதிர்வை மின்சாரமாக்கியும் தரும். பலகைக்கு அடியில் அதை ஒட்டி, ஒயரைப் பெட்டிக்கும், பெட்டியைக் கம்ப்யூட்டருக்கும் இழுத்தால், மிதி விழும்போதெல்லாம் புரொஜக்டர் மரத்தின்மேல் ஓர் இலையைப் போடும். ஓங்கி மிதித்தால் பெரிய இலை. பூனை நடந்தால் கொழுந்து.

பரதம் ஆடுகிற பெண்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆனால் சலங்கைச் சத்தத்தில் தட்டு குழம்பிப்போயிற்று. வெறுங்காலால் மிதிக்கிறவர்கள் வேண்டும். எனக்கு உடனே குண்டூர் நாட்டு ஊர் ஒன்றின் களம் ஞாபகம் வந்தது. திருவிழாவுக்கு நான் வருஷா வருஷம் குழாய் கட்டும் ஊர். அவர்கள் ஆடும்போது மைக்கே வேண்டாம். தரையே பேசும்.

நாங்கள் இருவரும் பலகைகளோடு ஏறினோம். ஊர் கூடிவிட்டது. கல்மரத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு கிழவர் நம்பவே இல்லை.

"மரம் கல்லாப் போச்சுங்கறீங்க. அப்ப அதை வெட்டப் போன கோடாலி என்னாச்சுங்க பாய்?"

"அப்ப கோடாலியே இல்லீங்க. ஆளே இல்லீங்க."

"ஆளே இல்லாதப்ப இருந்த மரத்தை யாரு பாத்துச் சொன்னாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் கம்ப்யூட்டரைக் காட்டி, "கரண்டு போச்சுன்னா எலையெல்லாம் உதுந்துருமுங்களா?" என்றார். என் சிநேகிதன், "வேரோட சாஞ்சிருமுங்க" என்றான். அவனுக்கு அந்தப் பேச்சு வரும். ஊருக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. களத்தோரம் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூட்டம் கலைந்ததும் கேட்டார்.

"ஏனுங்க பாய், அங்க மொதலடி ஆரு வெக்கறதுங்க?"

அந்த ஊர் ஆட்டத்துக்கு ஒரு முறை உண்டு. வட்டம் கூடி நிற்கும். மேளம் பேசாமல் இருக்கும். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் களத்துக்குள் வந்து, வலது காலை ஓங்கி ஊன்றுவார். ஒரே அடி. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மேளம். அடி வைத்தவர் முன்னே போவார், வட்டம் அவர் பின்னால் சுற்றும். அதுதான் மொதலடி. மொதலடி வீடு என்றால் ஊரில் ஒரு தனி மரியாதை. கல்யாணப் பேச்சு எடுத்தால் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள்.

இந்த அக்காவின் கணவர்தான் மொதலடி வைத்துக்கொண்டிருந்தவர். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அந்த வருஷம் ஊர் ஆடவில்லை. அடுத்த வருஷம் கணவரின் தம்பி, உரிமை தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டார். அக்காவுக்கு ஒரே மகள், ஆண்பிள்ளை கிடையாது. ஊர் முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"பதினெட்டு வருசம் அவருக்குப் பின்னால மொத ஆளா நான்தானுங்க சுத்துனேன். அந்த அடி என்ற காலுக்குத் தெரியும். ஊரு முன்னால ஒருக்கா வெச்சுப்போட்டன்னா, அப்பறம் ஆரு வேண்டாம்பாங்க? வெச்சது வெச்சதுதான். எனக்கப்பறம் எம்புள்ள வெப்பா." மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அங்க நான்தான் வெக்கோணும். அதுக்கு ஒத்துக்கிட்டா நானே எல்லாத்தையும் கூட்டியாரேன்."

ஒத்துக்கொண்டேன். அவர் போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. என் காரியத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய்ப் பேசினார். கணவரின் தம்பி ஏதோ சொன்னார். ஊர்க்கவுண்டர் கடைசியில், "சரி, அங்க போயி வெக்கட்டும். ஊரும் பாக்கட்டும். பாத்துட்டுப் பேசிக்கலாம்" என்றார். அந்த "பாக்கட்டும்" என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

சிக்கல் பலகையில் வந்தது. பெட்டி எந்த மிதியைக் கணக்கில் எடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அதற்கு ஓர் அளவு சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் ஆடிக் காட்டினார்கள், அளவு எடுத்தோம். மொதலடிதான் எல்லாவற்றிலும் கனமான அடி. அதற்குத்தான் மிகப் பெரிய இலை. அது தெரியாமல் பெட்டியைப் பழக்க முடியாது என்றான் சிநேகிதன்.

அக்கா மறுத்துவிட்டார். "காப்புக் கட்டாம, சும்மா வெக்கக் கூடாதுங்க."

அப்போதுதான் நான் என் தொழிலின் வார்த்தையைச் சொன்னேன். "அக்கா, இது டெஸ்டிங்தானுங்க. கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால மைக்குல ஹலோ ஹலோன்னு சொல்றோமில்லீங்களா, அதுமாதிரி. இது கணக்குல வராதுங்க."

இதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. எத்தனை ஆயிரம் ஹலோ சொல்லியிருப்பேன், ஒன்றுக்காவது யாராவது பதில் சொல்லியிருப்பார்களா? எங்களுக்கு டெஸ்டிங் என்பது பேச்சே இல்லை. தொண்டையைச் செருமுவது மாதிரி.

"ஆரு கணக்குல வராதுங்க?"

"எந்தக் கணக்குலயும் வராதுங்க."

அவர் யோசித்தார். பிறகு எழுந்து களத்தின் நடுவே நின்று, எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "அப்படின்னா எல்லாரும் அக்கட்டால திரும்பி நில்லுங்க. ஆரும் பாக்கலைன்னா வெக்காத மாதிரிதான்."

எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. ஊருக்குப் படவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தைகளும், ஊர்க்கவுண்டரும், கணவரின் தம்பியும், ஒருவர் பாக்கியில்லாமல் பலாமரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நாங்களும் திரும்பினோம். அக்கா மறுபடி கூப்பிட்டார்.

"அந்தப் பொட்டியையும் திருப்பி வைங்க."

சிநேகிதன் என்னைப் பார்த்தான். உதட்டோரம் சிரிப்பு. கண்ணாடித் திரை மரத்தைப் பார்க்க, முதுகு களத்தைப் பார்க்க, கம்ப்யூட்டரைத் தூக்கித் திருப்பி வைத்தான். ஒயரைக் கழற்றாமல். பெட்டிக்கு முகம் எது, முதுகு எது என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்னால் அந்த அடி விழுந்தது. பலகையிலிருந்து தரை வழியாக என் குதிகாலுக்குள் ஏறியது. பலாமரத்தில் ஏதோ குருவி பறந்தது. யாரும் திரும்பவில்லை.

"ஆச்சுங்க. திரும்பலாம்" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் இறங்குகிற பஸ்ஸில் சிநேகிதனிடம் சொன்னேன், அளவு எடுத்தாயிற்று அல்லவா, கம்ப்யூட்டரில் பதிந்த அந்த ஒலியை அழித்துவிடு என்று. அவன், "வூட்டுக்குப் போனதும் அழிச்சிடறேன்" என்றான். மறுநாள் கடைக்கு வந்து, "அழிச்சிட்டேன், போதுமா?" என்றான். நான் நம்பினேன். ஒரே பெஞ்சு என்றேனே.

விழா நாள். லாரி பேசி ஊரை ஏற்றிக்கொண்டு போனோம். வெயிலில் ஓடை பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி வறண்டு கிடந்தது. கோடாலிக் கிழவர் கல்மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, "கணு இருக்குதுங்க பாய். மரந்தான்" என்று கடைசியாக ஒத்துக்கொண்டார். அக்கா உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றார். காலையில் ஊரிலேயே காப்புக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் மஞ்சள் கயிறு.

மதியம் ஒத்திகை பார்த்தோம். மற்றவர்கள் மிதிக்க மிதிக்கக் கல்லில் இலை வந்தது. பகல் வெளிச்சத்தில் மங்கலாகத்தான், ஆனால் வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மொதலடி மட்டும் ஒத்திகையில் இல்லை. அக்கா பலகையோரம் வந்து, கண்ணை மூடி நின்று காட்டினார். எவ்வளவு நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. உள்ளே வந்தால்தான் வைப்பார்.

குழுவை நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். மரியாதையான மனிதர், மெல்லப் பேசுவார். சிநேகிதனைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். நான் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

இருட்டு கட்டிய நேரம் விளக்குகளை அணைத்தார்கள். நான் எழுதிக்கொடுத்த நாலு வாக்கியங்களை ஒரு பெண் வாசித்தாள். அக்கா பலகையோரம் வந்து நின்றார். ஊர் பின்னால் வட்டமாக நின்றது. என் கை ஆம்ப்ளிஃபயரின் மேல் இருந்தது.

அவர் காலைத் தூக்கவே இல்லை. அதற்குள் அந்த அடி விழுந்தது.

என் பாக்ஸிலிருந்து. நான் கட்டிய, நான் சத்தம் கூட்டி வைத்திருந்த பாக்ஸிலிருந்து. கல்மரத்தின் நடுவில் ஆளுயர இலை ஒன்று விரிந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். முதலில் வலது காலை, அப்புறம் இடது காலை. இரண்டும் மண்ணில் இருந்தன.

மொதலடி கேட்டால் மேளம் எடுக்க வேண்டும். மேளக்காரர் எடுத்துவிட்டார், அவர்மேல் தப்பில்லை. மேளம் எடுத்தால் ஒருவர் முன்னே போக வேண்டும். போக வேண்டியவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு சுற்று மேளம் சும்மா ஒலித்தது. மூன்றாவதில் கணவரின் தம்பி பலகையில் கால் வைத்து முன்னே போனார். வட்டம் அவர் பின்னால் சுற்றியது. கல்லில் இலை, இலைமேல் இலை, நூறு நூறாக. கடைசியில் குழுவின் பரதப் பெண்களும் பச்சைப் பாவாடையில் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த மரம் உயிரோடு இருந்த காலத்தில்கூட அப்படித் துளிர்த்திருக்காது. அழகாக இருந்தது. அதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பந்தலுக்குப் பின்னால் சிநேகிதனைப் பிடித்தேன்.

"அழிச்சிட்டேன்னியேடா."

"அழிச்சேன் மாப்ளே. பேக்கப் ஒண்ணு இருந்துச்சு."

"அவங்க வெக்கறதுக்குள்ள எதுக்குடா போட்ட?"

"அவங்க எப்ப வெப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. வந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டா? கரெக்டா லைட்டு அணையறப்ப விழுந்துச்சுல்ல?" ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினான். "ஏன்டா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? சத்தம் அவங்களோடதுதானே?"

அக்கா அங்கே நின்றிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"சத்தம் என்னுதுங்க சாமி" என்றார் அவனிடம். "காலு ஆருதுங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியது நான் என்பது மாதிரி. அக்காவும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அன்னைக்குத் திரும்பித்தான நின்னீங்க?"

"ஆமாங்க அக்கா."

"பொட்டியத் திருப்பித்தான வெச்சோம்?"

"பொட்டிக்கு முன்னால பின்னால கிடையாதுங்க. எப்படி வெச்சாலும் அதுக்குக் கேக்கும்."

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், மருந்துக்கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல. போய் லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்து ஊர்க்கூட்டம் என்று சேதி வந்தது. யாரும் கூப்பிடாமலே போனேன். கணவரின் தம்பி எழுந்து சொன்னது நியாயமாகவே இருந்தது. "அண்ணி வெக்கலை. நான் கண்ணால பாத்தேன், காலு ரெண்டும் மண்ணுல இருந்துச்சு. நான் முன்னால போனேன். ஊரு எம்பின்னால வந்துச்சு."

நான் எழுந்தேன். அங்கே கேட்ட சத்தம் அக்காவின் அடிதான், இதே களத்தில் எடுத்ததுதான் என்றேன்.

ஊர்க்கவுண்டர் கேட்டார். "எடுத்தப்ப பாத்தீங்களா பாய்?"

"நான் இங்கதானுங்க இருந்தேன்."

"இருந்தீங்க. நாங்களுந்தான் இருந்தோம். திரும்பித்தான நின்னோம்? நாங்க பாக்கலை. நீங்க பாத்தீங்களா?"

கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் தலையைக் குனியவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. அக்கா கேட்டுக்கொண்டபடி அவர்கள் அன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாக்கை அவர்கள் இன்றும் காப்பாற்றினார்கள். ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்திருந்தால்கூடப் போதும். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"அந்தப் பொட்டிக்காரரு வந்து, சத்தத்தைப் போட்டுக் காட்டி, இது இன்னார் காலு, இன்ன நாள் எடுத்தோம்னு சொல்லட்டும். எடுத்துக்கறோம்" என்றார் ஊர்க்கவுண்டர். கணவரின் தம்பியும் சரி என்றார். அது பெரிய மனசு. இன்றும் சொல்வேன்.

பக்கத்திலிருந்த செம்மேட்டுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் பேசினேன். சிநேகிதன் முழுதும் கேட்டுக்கொண்டான். "அடப்பாவமே" என்றான். "ஞாயித்துக்கெழம வாரேன் மாப்ளே. கட்டாயம் வாரேன். நீ கூட்டத்தைக் கூட்டி வை."

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. நான் ரோட்டில் நின்றேன். முதல் பஸ்ஸில் உரமூட்டையும் நாலைந்து பேரும் வந்தார்கள். அடுத்ததில் வாசலூர்பட்டிப் படகு வீட்டுக்குப் போகிற கல்லூரிப் பெண்கள், ஜன்னலெல்லாம் பாட்டு. மத்தியான பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பஸ்ஸும் போனதும் களத்துக்குப் போய், அடுத்ததில் வருவான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது முறை யாரும் என்னைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

பூத்துக்குப் போனேன். அவன் வீட்டில்தான் இருந்தான். பின்னால் டிவியில் கிரிக்கெட் சத்தம்.

"மாப்ளே, கேளு. அந்த ஒலியைக் குழுகிட்ட குடுத்தாச்சு. விழாவைச் சிடி போடறாங்க. அந்த அடி யாரோடதுன்னு நான் ஊரக் கூட்டி வெச்சுச் சொன்னேன்னு வெய்யி, அப்பறம் கேட்டு எடுத்தீங்களா கேக்காம எடுத்தீங்களான்னு வரும். அவங்களுக்கு அது சங்கடம்."

"வாரேன்னு சொன்னியேடா."

"சொன்னேன். உங்கிட்ட எப்படிடா வரலைன்னு சொல்றது? நீ அழுதுருவ."

நான் அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பூத்துக்காரர் பில் கிழிக்கிற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. சென்னைக்கும் மலைக்கும் நடுவே இருந்த அவ்வளவு தூரக் கம்பியிலும் என் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தது. இருபது வருஷமாக யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் படித்த அந்த ஆள், அப்போதும் இப்படித்தான் படித்தானா? பிடித்திருக்கிறது என்று சொன்னதெல்லாம் நான் அழுதுவிடுவேன் என்பதற்காகவா? அதன்பிறகு நெடுங்காலம் நான் எதையும் எழுதவில்லை. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். நன்றாக இருக்கிறான். அவன் ஏமாற்றியது ஒன்று. அதற்கு முன்னாலேயே, அந்தக் களத்தில், வாயை மூடிக்கொண்டு பலாமரத்தைப் பார்த்து நின்றது நான். இரண்டையும் எடைபோட்டு எது கனம் என்று பார்க்க என்னிடம் எந்தத் தட்டும் இல்லை.

களத்துக்குத் திரும்பி, "அவன் வரமாட்டானுங்க" என்று சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர், மொதலடி தம்பி வீட்டுக்கு என்றார். அக்காவின் மகள், பதினைந்து வயதிருக்கும், எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவரின் தம்பிக்கும் சந்தோஷம் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன். அக்கா கூட வந்தார். வந்தவரை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கம், வழக்கத்தை அவர் விடவில்லை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பஸ் வளைவில் உறுமுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, தப்பு என்னுதுங்க."

"ஆமாங்க" என்றார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டினார். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். "போயிட்டு வாரேங்க அக்கா."

அவர் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இனி இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நம்மூட்டுக்கு வராதீங்க பாய். வாசல்ல வந்து நிக்கறவங்களை வாங்கன்னு சொல்லாம இருக்க எனக்குத் தெரியாதுங்க."